குமிழைத் தொடாதவன்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பீர்கள். அறுபத்து மூன்று வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்து, ஒரு காது பாதி அடைத்துப்போன நிலையில், நான் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். பாட்டுக் கேட்பதற்கு. கைப்பேசியைத் தட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் வந்து கொட்டும் காலத்தில், ஒரு மூட்டை அரிசி கனத்துக்கு இரும்பை வாங்கிக் கூடத்தில் வைத்து, அது சூடாகும்வரை கைகட்டிக் காத்திருக்கும் ஒரு கிழவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது நான்தான். வணக்கம்.

நம் வயதுக்காரர்களுக்கு வால்வு என்றால் விளக்க வேண்டியதில்லை. பழைய ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றினால் உள்ளே சின்னச் சின்ன விளக்குகள்போல ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்தான். அவை சூடானால்தான் சத்தம் வரும். சூடான பிறகு அவை அதோடு நிற்பதில்லை, வீட்டையே சூடாக்கும்.

"ஏங்க, இது என்ன ஹீட்டரா?" என்று முதல் நாளே கேட்டார் மனைவி.

"பாட்டுப் பெட்டி."

"அப்ப பாட்டு எங்க?"

"வரும். சூடாகணும்."

"நாசி லெமாக் சோத்துக் கடையிலகூட இவ்ளோ நேரம் நிக்க வைக்க மாட்டாங்க லா."

பாட்டு வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகலும் வந்தது, பல்வலிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. இந்த ஊர் வெக்கைக்கு அதன் பக்கத்தில் உட்கார ஏர்கான் போட வேண்டியிருந்தது. ஏர்கான் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. பாட்டைக் கூட்டினால் பக்கத்து வீட்டு ஆன்டி சுவரைத் தட்டினார். வீட்டுப் பூனைதான் பரம சந்தோஷமாக அதன்மேல் ஏறிப் படுத்தது. வயிற்று முடி கருகியதும் இறங்கியது. இன்றுவரை அது என்னோடு பேசுவதில்லை. மனைவி பேசுகிறார், நிறையவே பேசுகிறார், நேருக்கு நேராக. அது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று போகப் போகச் சொல்கிறேன்.

நான்காவது மாதம் ஒரு வால்வு கண் சிமிட்டத் தொடங்கியது. கிள்ளானில் இதையெல்லாம் பழுது பார்க்க ஒரு கடை இருக்கிறது என்றார்கள். தூக்கிக்கொண்டு போனேன். 'தூக்கி' என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன்; என் இடுப்பு அதை ஒரு வாரம் எழுதியது. கடையில் இருந்தது முப்பது வயதுப் பெண். பழைய சட்டி பானைபோலக் குவிந்து கிடந்த பெட்டிகளுக்கு நடுவே, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்தில் வால்வை மாற்றிவிட்டு, என்னைப் பள்ளிக்கூடத்துப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அங்கிள், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஸ்பீக்கர் வயர் மாட்டாம இதைப் போடவே கூடாது. பாட்டு ஓடிட்டிருக்கறப்ப கழட்டவும் கூடாது. உள்ள இருக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிடும்."

"சத்தத்தைக் குறைக்கறதுக்காக வயரைக் கழட்டினா?"

"அதுக்குத்தானே குமிழு இருக்கு?"

"குமிழைத் தொடக் கூடாதுன்னா?"

தலையில் எரிந்த விளக்கை அணைத்தாள். "யாரு அங்கிள் அப்படிச் சொன்னது?"

"சும்மா கேக்கறேன். கழட்டிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப மாட்டிட்டா?"

"கொஞ்ச நேரம்னா?"

"ரிகார்டோட ஒரு பக்கம் ஓடற நேரம்."

"சத்தமா வெச்சிருந்தா செத்துடும். மாட்டினதும் ரெண்டு நிமிஷம் பாடும், அப்புறம் புகை வரும்."

"வயர் இல்லாம இருக்கறப்ப உள்ளேருந்து சன்னமா பாட்டு கேக்குமா? கொசு பாடற மாதிரி?"

"கேக்கும். அது பாடறது இல்ல அங்கிள், கத்தறது." பிறகு சந்தேகத்தோடு என் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏற்கெனவே பண்ணிட்டீங்களா?"

"இதுல இல்லம்மா," என்றேன்.

கிள்ளானிலிருந்து வீடுவரைக்கும் காரை ஓட்டினேன். அழுதேன், கை நடுங்கியது என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டோல் சாவடியில் அட்டையைத் தட்டினேன், தடுப்புக் கம்பு மேலே போனது. சப்பணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்த கால்போல உள்ளே ஏதோ மரத்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த ரிகார்ட் ஓடியபோது எனக்குப் பத்து வயது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். இப்போது அந்தப் பக்கம் புடவைக் கடைகளும், தலைக்கு மேலே ஓடும் மோனோரயிலும், வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் ஆபீஸ்காரர்களும்தான். அப்போது வரிசை வீடுகள், முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையல் கட்டு. ரயில் போனால் மாடத்து விளக்கு ஆடும். அப்பா சரக்குக் கொட்டகையில் கிராணி. என்ன மூட்டை வந்தது, எங்கே போனது என்று எழுதி வைக்கும் வேலை. அம்மா, அக்கா, நான். இவ்வளவுதான் குடும்பம்.

ஒருநாள் மாலை லோரியில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைகளின் கிளப்பை மூடினார்களாம். அங்கிருந்த ஆம்ப்ளிஃபையரையும், அலமாரி உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கரையும், ரிகார்ட் பிளேயரையும் அப்பா எப்படியோ பேசி வாங்கிவிட்டார். மூன்று பேர் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி வெளியே போனது, இடம் போதாமல்.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். "யாரு கேக்கறதுக்கு இது?"

"எல்லாரும் கேக்கறதுக்கு," என்றார் அப்பா.

அப்பா அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசாத மனிதர். பதினான்கு வருஷம் அந்த வரிசையில் குடியிருந்தும், தெருவில் போனால் அவரை நிறுத்தி யாரும் இரண்டு வார்த்தை கேட்க மாட்டார்கள். பெட்டி வந்த பிறகு நிறுத்தினார்கள். "என்ன கிராணி, இந்த வாரம் என்ன போடறீங்க?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வந்து எங்கள் கூடத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் முகம் வைத்தார்கள்.

பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. அப்பா பொத்தானை அழுத்துவார். ஒன்றும் நடக்காது. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்போம். முதலில் தூசி கருகும் வாசம் வரும், பழைய துணியை இஸ்திரி போடும்போது வருமே, அது. பிறகு கண்ணாடிக் குழாய்களுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி, அது கம்பியாக நீளும், ஆரஞ்சாகும். முழங்காலில் சூடு படும். பெரியவர்கள் கோயிலில் திரை விலகக் காத்திருக்கும் முகத்தோடு இருப்பார்கள். அப்பா கையைத் தூக்குவார். பேச்சு நிற்கும். ஊசி இறங்கும்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சித்தாந்தம் இருந்தது. சும்மா சூடேற்றினால் போதாது, சத்தமாக ஒரு பாட்டை ஓடவிட்டுச் சூடேற்றினால்தான் அதன் தொண்டை திறக்குமாம். வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்ததா, அவராகக் கண்டுபிடித்ததா, தெரியாது. ஆனால் வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். "குமிழைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்." சத்தக் குமிழ் வெண்ணெய் நிறத்தில், நடுவில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதை அப்பா மட்டுமே முடிவு செய்தார்.

அம்மா சண்டை போடும் ஆள் இல்லை. வந்துவிட்ட சாமானோடு ஒத்துப்போகப் பார்த்தார். வெள்ளை நூலில் பூப்பூவாகக் கொக்கிப் பின்னல் போட்டு அதற்கு ஓர் உறை பின்னினார். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு, தையல் மெஷினுக்கு, பேரன் பேத்தி போட்டோவுக்குக்கூட அப்படி உறை போடுவார்களே. அப்பா ஒருநாள் உறையை எடுக்க மறந்து பொத்தானை அழுத்திவிட்டார். நான்கு வால்வுக்கு நான்கு பழுப்பு வட்டம் விழுந்தது, தோசைக்கல்லில் விட்டதுபோல. அம்மா அதைத் துவைத்து மறுபடி போட்டார். அந்த உறை பிறகு எங்கே போனது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

அது மழைக்காலம். என்னிடம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டே ஜோடி காலுறை. ஒரு வாரமாக ஒன்றும் காயவில்லை. ஒரு ஞாயிறு பாட்டு முடிந்து எல்லாரும் போனதும், பெட்டி இன்னும் சூடாக இருப்பதைப் பார்த்த அம்மா என் காலுறைகளைப் பிழிந்து அதன்மேல் பரப்பினார். எனக்கு அது மாபெரும் கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் காய்ந்து, அப்பளம்போலச் சூடாக, நான் காலில் போட்டுக்கொண்டு குதித்தேன். அப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தார்.

"தண்ணியையா வெச்சே? இதுமேலயா?"

"பிழிஞ்சிதான் போட்டேன்."

"நீ இதை ஒருநாள் கொல்லாம விடமாட்ட."

"நல்லது. ஒண்ணு அது இருக்கட்டும் இந்த வீட்டுல, இல்ல நான் இருக்கேன்," என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் அக்காவும்கூடச் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்த வருடத் தீபாவளிக்கு மறுநாள் பெரிய கிராணி எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அப்பாவின் மேலதிகாரி. தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நம் ஊரில் சாதாரணம். ஆனால் பெரிய கிராணி சின்னக் கிராணி வீட்டுப் படியேறுவது சாதாரணமில்லை. பாட்டுப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார் என்று வரிசை முழுக்கப் பேச்சு. அப்பா புது வேட்டியை இரண்டு முறை கட்டி அவிழ்த்தார்.

அம்மா மூன்று நாளாக அடுப்புக்கு முன்னால் முறுக்கும் நெய்யுருண்டையுமாக நின்றவர். அன்று மத்தியானம் ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொண்டது. நெற்றியில் துணியைக் கட்டி, தைலம் தடவி, பின்னறையில் படுத்துவிட்டார். அக்கா பலகாரத் தட்டுகளோடு வரிசை வரிசையாகப் போயிருந்தாள். அப்பா பெட்டியைப் போட்டு, தொண்டை திறப்பதற்காக ஒரு ரிகார்டைச் சத்தமாக ஓடவிட்டு, பெரிய கிராணியை அழைத்து வரச் சாலை முனைக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "குமிழு," என்றார். ஒரே வார்த்தை. தலையாட்டினேன்.

பின்னறையிலிருந்து அம்மாவின் குரல். "டேய்... தல வெடிக்குதுடா. சத்தத்தைக் கொறைக்கச் சொல்லு."

"அப்பா இல்லம்மா."

"அப்ப நீ கொறையேன்டா."

"குமிழைத் தொட்டா கையை ஒடிச்சிடுவாரும்மா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

இங்கேதான் நண்பர்களே என் மேதைமை வெளிப்படுகிறது. குமிழைத் தொடக் கூடாது. சத்தம் குறைய வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்போதும் கோழி முட்டை வாங்கும் நான், பெட்டியின் முதுகுப்பக்கம் போய், ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. வீடு அமைதியானது. ரிகார்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால், பெட்டியின் வயிற்றுக்குள்ளிருந்து கொசு பாடுவதுபோல மெல்லியதாக அதே பாட்டு கேட்டது. எனக்கு ஒரே வேடிக்கை. முறுக்கைக் கடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்தடுத்த பாட்டையும் கேட்டேன்.

"நல்லாயிருடா சாமி," என்றார் அம்மா உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கத்தில்.

கடைசிப் பாட்டு ஓடும்போது செருப்புச் சத்தம் கேட்டதும் வயரைத் திரும்பச் செருகினேன். பாட்டு வந்தது. பெரிய கிராணி, அவர் மனைவி, அவர்களுக்குப் பின்னால் வரிசை வீட்டு ஆட்கள். பெரிய கிராணிக்காக எங்கள் நாற்காலி மறுபடி உள்ளே வந்திருந்தது. அவர் உட்கார்ந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டத் தொடங்கினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அந்த முகத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்; இரண்டு நிமிடம் நீடித்தது.

பாட்டு தொண்டை அடைத்ததுபோலக் கரகரத்தது. பிறகு 'ப்ட்' என்று ஒரு சத்தம். தார் உருகும் நாற்றம். பெட்டியின் பின்னாலிருந்து ஊதுவத்திபோல ஒற்றைக் கோடாகப் புகை.

பெரிய கிராணி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, அப்பாவின் தோளில் கைவைத்தார். "பரவால்ல லா. எங்க வீட்டு ட்ரான்சிஸ்டர்ல இந்தத் தொந்தரவெல்லாம் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. ஒரு கூடம் நிறைய ஆட்கள் சிரித்தால் எப்படியிருக்கும், அப்படி.

மறுநாள் அப்பா பெட்டியைக் கைவண்டியில் வைத்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சீனக் கிழவரின் ரேடியோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கிழவர் திறந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "யாரோ காச்சாவ் பண்ணிட்டாங்க," என்றாராம். காச்சாவ் என்றால் தெரியுமே உங்களுக்கு: கைவைத்துக் குழப்புவது. என்ன குழப்பம் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்பாவுக்கு 'யாரோ' என்ற ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து என்னை முன்னால் நிறுத்தினார். "குமிழைத் தொட்டியா?"

"இல்லப்பா. சத்தியமா."

பொய்யில்லை. குமிழை நான் தொடவேயில்லை. அப்பா என் கண்ணைப் பார்த்தார், நம்பினார். வயரைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது ஒரு குற்றம் என்று எனக்கும் தெரியாது. முந்தைய நாள் அக்கா வீட்டில் இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஆள்.

"நீ என்ன பண்ணே?" என்று சமையல் கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" என்றார் அம்மா.

"சாக்ஸ் காயப்போட்டவதானே நீ. ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்னு சொன்னவதானே."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியதுதான்.

அந்த மழைக்காலம் முழுக்க நான் தபால்காரனாக இருந்தேன். கூடத்துக்கும் சமையல் கட்டுக்கும் நடந்தால் பத்து எட்டு. "உங்கம்மாகிட்ட சொல்லு, சோறு வேணாம்னு." பத்து எட்டு. "உங்கப்பாகிட்ட சொல்லு, வேணாம்னா நாய்க்குப் போடறேன்னு." பத்து எட்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். பேசுவது காதில் விழுந்தாலும், நான் போய்ச் சொல்லும்வரை விழாததுபோல இருப்பார்கள். அக்கா தபால் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானோ ரொம்ப முக்கியமான ஆளாகிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன். சில சமயம் தபாலைக் கொஞ்சம் திருத்தவும் செய்தேன். நாய்க்குப் போடுவதை எல்லாம் விட்டுவிட்டு, "சாப்பிடச் சொன்னாங்க," என்பேன்.

என் இரண்டாவது மேதைமை இதுதான். இரண்டு மாதம் ஓடி எனக்குக் கால் வலித்தது. ஒருநாள், யாரும் எதுவும் சொல்லி அனுப்பாமலே, நானாகக் கூடத்துக்குப் போய் நின்றேன்.

"அப்பா, அம்மா மன்னிச்சிடச் சொன்னாங்க."

அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப அவதான்," என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் பழைய இரும்பு வாங்கும் லோரி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. கூடத்தில் அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக, சதுரமாக, பல வருடம் கிடந்தது.

நீங்கள் கேட்பீர்கள், அவ்வளவுதானா, ஒரு பாட்டுப் பெட்டிக்கா என்று. அவ்வளவுதான். பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. யாரும் வீட்டைவிட்டுப் போகவில்லை. நாங்கள் படித்தோம், அக்கா கல்யாணம் நடந்தது, என் கல்யாணம் நடந்தது. அப்பாவும் அம்மாவும் மணவறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நானும் அக்காவும் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு, தபால்காரன் இல்லாததால் காற்றிடம் பேசப் பழகிக்கொண்டார்கள். "சோறு ஆறுது," என்று அம்மா ஃபிரிட்ஜிடம் சொல்வார். "மருந்து தீர்ந்துபோச்சி," என்று அப்பா டிவியிடம் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்கள், "அந்தக் காலத்து மனுசங்க, புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாங்க, என்ன மரியாதை பாரு," என்று மெச்சிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பழகிக்கொண்டேன். நினைப்பதற்கு அது வசதியாக இருந்தது.

கிள்ளான் கடைக்குப் போய்வந்த பிறகு மூன்று மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை. ஆம்ப்ளிஃபையரைப் போடவும் இல்லை. பூனை மட்டும் ஒருநாள் வந்து, அது குளிர்ந்திருப்பதைச் சோதித்துவிட்டு, ஏறிப் படுத்துக்கொண்டது. மனைவிதான், "மூஞ்சிய இப்படி வெச்சிக்கிட்டு இருக்காதீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றார். "அவங்களுக்கு என்ன, இன்னும் அம்பது வருஷமா இருக்கு?"

அப்பாவும் அம்மாவும் இப்போது செமினியில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எண்பத்தொன்பது. அம்மாவுக்கு எண்பத்து நான்கு. போன ஞாயிறு காலையில் போனேன். அக்கா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில், டிவியில் சத்தமில்லாமல் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா சமையலறை மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஆச்சும்மா."

அப்பா பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல ஏதாவது கிண்டலில் ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். வயரைச் சொன்னேன். கொசுப் பாட்டைச் சொன்னேன். கிள்ளான் கடைப் பெண் சொன்னதைச் சொன்னேன். பிறகு மன்னிப்பைச் சொன்னேன்: அம்மா அப்படி எதுவும் சொல்லி அனுப்பவில்லை, நானாகச் சொன்னது.

அப்பாவுக்குக் காது இன்னும் கூர்மை. ஒரு வார்த்தையையும் திருப்பிக் கேட்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குமிழைத் தொடலயே நீ?" என்றார் கடைசியில்.

"இல்லப்பா."

தலையாட்டினார். ஒரு ஆட்டம் முடிந்து விளம்பரம் ஓடியது. அது முடிந்து இன்னொன்று. வீடு இருந்தபடியே இருந்தது. இத்தனை வருடம் கழித்து இதைச் சொன்னால் கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்திருந்தேன், மின்விசிறிதான் சுற்றியது. சமையலறையில் கத்தி பலகையில் படும் சத்தம் நின்றிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அப்பா நாற்காலியின் கைப்பிடியை இரண்டு முறை தடவினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு," என்றார்.

"என்னன்னுப்பா?"

"நான்தான் தப்பா நெனச்சிட்டேன்னு."

எழுந்தேன். முழங்கால் இரண்டும் ஏதோ சொன்னது, நான் கேட்கவில்லை. அக்கா வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் எத்தனை எட்டு என்று இதுவரை எண்ணியதில்லை. பதினொன்று. அம்மா பயற்றங்காயைக் கையில் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா," என்றேன். "அப்பா தப்பா நெனச்சிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

அம்மா கத்தியை எடுத்து அடுத்த காயின் நுனியை நறுக்கினார்.

"அவரையே வந்து சொல்லச் சொல்லு."